பின்சக்கரத்தை வீட்டிலேயே கழற்ற ஒரு பேடாக் ஸ்டாண்டு: எட்டு மாதங்களுக்குப் பிறகு

நடு ஸ்டாண்டு இல்லாத 200 சிசி வண்டியில் பின் டயர் மாற்ற வேண்டுமென்றால், வண்டியோடு கடைக்குப் போவதுதான் வழக்கம். சென்ற முறை அப்படிப் போனபோது ஆக்சிலை, அதாவது சக்கரத்தின் அச்சுத் தண்டை, சுத்தியலால் அடித்தே வெளியேற்றினார்கள். அதில் மரை நசுங்கியது. போதாக்குறைக்கு, அச்சில் இடைவெளிக்காகச் செருகும் இருபுறத்து ஸ்பேசர் வளையங்களையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டதால், வீடு வந்து சேரும் முன்பே டிஸ்க் உரசத் தொடங்கிவிட்டது. அதன் பிறகுதான் 1,850 ரூபாய் கொடுத்து, பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் இந்த பேடாக் ஸ்டாண்டை இணையத்தில் வாங்கினேன்.

இரும்புக் குழாயில் செய்த, அகலத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய எளிய ஸ்டாண்டு இது. பின்சக்கரத்தைத் தாங்கும் கையான சுவிங்கார்மின் அடியில் கொடுக்கும் ரப்பர் தாங்கிகள் ஒரு ஜோடி, சுவிங்கார்மில் பொருத்திய ஸ்பூல்களை (போல்ட்டில் மாட்டும் சிறு உருளைகளை) பிடிக்கும் கொக்கிகள் ஒரு ஜோடி என இரண்டும் உடன் வருகின்றன. ரப்பர் தாங்கிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் நாள் தனியாகத் தூக்கியபோது எண்ணெய்ப் பிசுக்கில் ஒருபக்கத் தாங்கி வழுக்கி, வண்டி சுவரில் சாய்ந்து, ஒரு கண்ணாடி உடைந்ததோடு தப்பியது. மறுநாளே சென்னை ஜி.பி. ரோட்டில் ஸ்பூல்கள் வாங்கி மாட்டினேன். அவற்றின் போல்ட்டு வண்டிக்கு வண்டி 6, 8, 10 மி.மீ. என மாறும் என்பதால், சுவிங்கார்மில் உள்ள மரையை அளந்துகொண்டு போவது நல்லது. கொக்கி ஸ்பூலில் அமர்ந்த பின், இடது கையால் பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வலது காலால் ஸ்டாண்டை மிதித்தால், வண்டி ஆடாமல் எழுகிறது.

ஸ்டாண்டைவிட முக்கியமானது வேலையின் வரிசை. ஆக்சில் நட்டை, வண்டி தரையில் நிற்கும்போதே, ஒருவர் பின் பிரேக்கை மிதித்திருக்க, நீளக் கைப்பிடியில் மாட்டிய ஆறுமுனை சாக்கெட்டால் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பின் அதே விசையைக் கொடுத்தால் வண்டி ஸ்டாண்டிலிருந்து விழக்கூடும். பிறகு செயினின் தளர்வைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரின் குறிகளை இருபுறமும் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு, சக்கரத்தை முன்னே தள்ளிச் செயினை ஸ்பிராக்கெட்டிலிருந்து (பல்சக்கரத்திலிருந்து) எடுத்து, ஆக்சிலை உருவினால் சக்கரம் கையோடு வந்துவிடும். ஸ்பேசர்களை எந்தப் பக்கத்தில் எடுத்தோமோ அந்தப் பக்கத்துத் தரையிலேயே வைத்துவிடுவது என் பழக்கம். ஏபிஎஸ் உள்ள வண்டியானால் சென்சார் கம்பி இழுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டிஸ்க் வெளியே இருக்கையில் யாராவது பிரேக்கை மிதித்துவிட்டால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் குழந்தைகள் இருப்பதால் இடையில் ஒரு அட்டைத்துண்டைச் செருகிவிடுகிறேன்.

திரும்ப மாட்டுவதுதான் பொறுமையைச் சோதிக்கும். சக்கரத்தின் அடியில் ஒரு மரப்பலகை கொடுத்து உயரத்தைச் சரிசெய்துகொண்டால், ஆக்சில் துளைகள் எளிதில் நேராகின்றன. நட்டை இறுக்கும் முன், சுருட்டிய துணியை மேற்புறச் செயினுக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவில் கொடுத்துச் சக்கரத்தைக் கையால் சற்றே பின்னோக்கிச் சுழற்றினால், ஆக்சில் இரு அட்ஜஸ்டர்களிலும் அழுத்தி நிற்கும். இறுக்கம் எவ்வளவு என்பதைக் கையேட்டைப் பார்த்து, குறித்த விசைக்கு இறுக்க உதவும் டார்க் ரென்ச்சில் வைக்க வேண்டுமே தவிர, கைப்பழக்கத்தை நம்பக்கூடாது. நான் ஸ்டாண்டுக்குக் கொடுத்ததைவிட அதிகமாக அந்த ரென்ச்சுக்குக் கொடுத்தேன், அதில் வருத்தமில்லை. கிளம்பும் முன் பிரேக் மிதி கெட்டிப்படும் வரை சில முறை மிதித்துப் பார்ப்பதும் அவசியம்.

இந்த ஸ்டாண்டின் குறைகள் என்று பார்த்தால், மழைக்காலம் முடிவதற்குள் வெல்டிங் ஓரங்களில் துரு ஏறிவிட்டது. சிறிய பிளாஸ்டிக் உருளைகள் சமமான சிமெண்டுத் தரையில் மட்டுமே உருள்கின்றன. முன்சக்கரத்துக்கு இது உதவாது. அதற்குத் தனி ஸ்டாண்டு வேண்டும், அதையும் வண்டியின் பின்புறம் இதில் நிற்கும்போதுதான் பயன்படுத்த வேண்டும். இதுவரை இரண்டு முறை சக்கரத்தைக் கழற்றி ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் வைத்து டயர் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறேன்; இரண்டாம் முறை கழற்றவும் மாட்டவும் சேர்த்து நாற்பது நிமிடமே ஆனது.