எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?

சேலம் அஞ்சு ரோட்டுப் பக்கம், மாடியில் இருக்கும் குழந்தைகள் பல் மருத்துவமனை அது. என் மகள் நாற்காலியில் ஏறி உட்காரும் முன்பே டாக்டரம்மா என்னிடம் கேட்டுவிட்டார்: "பாப்பா எந்தத் தண்ணி குடிக்குது?"

ஊருக்கு வந்த இடத்தில் வயிற்றுக்குச் சேராமல் போய்விடும் என்று கவலைப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "கேன் தண்ணிதான் டாக்டர்" என்றேன்.

"இப்ப இல்லம்மா. பொறந்ததிலேர்ந்து."

சிட்னி குழாய்த் தண்ணீர் என்றேன். அட்டையில் எழுதிக்கொண்டார். அப்புறம் தங்கச்சி மகன் பக்கம் திரும்பினார். "தம்பி?" வீட்டில் ஆர்.ஓ. மெஷின் இருக்கிறது என்றாள் தங்கச்சி, கொஞ்சம் பெருமையாகவே. கடைசியில் அண்ணன் மகள். பாலக்கோடு பக்கத்து கிராமம், குழாயில் வருவது. டாக்டர் என் பல்லைப் பார்த்துச் சிரித்தார். "நீங்களும் அந்த ஊர்னு சொல்லவே வேண்டாம்."

சொல்ல வேண்டியதே இல்லைதான். என் முன்பற்கள் இரண்டிலும் குறுக்கே பழுப்புக் கோடு இருக்கிறது. எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு இருந்தது. காலேஜில் சேர்ந்த முதல் வாரமே "தருமபுரியா?" என்று கேட்டார்கள். சிட்னிக்குப் போன புதிதில் அங்கே ஒரு பல் மருத்துவர், நான் சிகரெட் பிடிப்பேனா என்று மரியாதையாக விசாரித்தார்.

எங்கள் மாவட்டத்துப் பாறை அப்படி. கருங்கல்லும் அதன் இனத்துப் பாறைகளும் அடியில் கிடக்கின்றன, அவற்றில் ஃப்ளோரைடு என்ற உப்பு இருக்கிறது. கிணறு வற்றி, போர் ஆழம் போகப் போக, தண்ணீர் பாறையோடு கிடந்து அதைக் கரைத்துக்கொண்டு வருகிறது. இந்தியக் குடிநீர்த் தரத்தில் ஃப்ளோரைடுக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம். அதற்கு மேல் போனால், பல் உருவாகும் வயதில் குடித்த பிள்ளைக்கு எனாமல், அதாவது பல்லின் மேலோடு, சரியாகக் கட்டாது. முதலில் வெள்ளைத் திட்டு, போகப் போகப் பழுப்பு. இன்னும் அதிகமாகிப் பல வருடம் குடித்தால் எலும்பையும் விடாது. முட்டி மடக்க முடியாத பெரியவர்களை எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன்.

சரி, இதெல்லாம் எனக்குத் தெரிந்த கதை. சேலத்துக்குப் போனது வேறு காரணத்துக்கு.

மகளுக்கு ஏழு வயது. ஆறு வயதில் பின்னால் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பற்கள் நான்கும் வந்துவிட்டன. அவற்றின் மேல்பரப்பில் ஆழமான வெடிப்புகள் இருக்கின்றன, சீலன்ட் பூசி அடைத்துவிடுங்கள் என்று சிட்னியில் சொல்லியிருந்தார்கள். பல்லுக்கு 65 டாலர் என்றார்கள். ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளின் பல்லுக்கென்று அரசாங்கத் திட்டம் ஒன்று 2014 முதல் இருக்கிறது, இரண்டு வருடத்துக்கு ஆயிரம் டாலருக்குச் சற்று மேல் கிடைக்கும். ஆனால் குடும்ப உதவித்தொகை வாங்கும் வீடுகளுக்குத்தான். நாங்கள் அந்தக் கோட்டுக்கு வெளியே. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தோம். வெளிநாட்டில் இருக்கும் எல்லாரும் பல்லையும் கண்ணாடியையும் ஊருக்குத்தானே ஒத்திப்போடுகிறோம்.

முதலில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கிளினிக்குக்குப் போனோம். பெயர் வேண்டாம். உள்ளே போனதும் "எந்த நாடு?" என்று கேட்டார்கள். வாயைத் திறந்து அரை நிமிடம் பார்த்தார்கள், எக்ஸ்ரே கிடையாது. என் மகளுக்கு இரண்டு கேப், தங்கச்சி மகனுக்கு நான்கு கேப், இரண்டு பிள்ளைகளுக்கும் க்ளீனிங், மொத்தத் தொகை ஒரு துண்டுச் சீட்டில். ஏன் கேப் என்று கேட்டால் "நீங்க திரும்பிப் போறதுக்குள்ள முடிச்சுடலாம்" என்பதுதான் பதில். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். கூடப் படித்தவள் ஒருத்தி சேலத்து டாக்டரைச் சொன்னாள். வாட்ஸ்அப்பில் நேரம் வாங்கி, போகிற போக்கில் அண்ணன் மகளையும் ஏற்றிக்கொண்டு, தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம்.

பதினொரு மணிக்குக் கொடுத்த நேரம், உள்ளே கூப்பிட்டது பன்னிரண்டே கால். காத்திருக்கும் அறையில் மீன் தொட்டி, கார்ட்டூன், ஒரே ஒரு மின்விசிறி. அதெல்லாம் பெரிய குறையில்லை, உள்ளே போனபின் எங்களை யாரும் அவசரப்படுத்தவில்லை.

மூன்று பிள்ளைகளையும் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னதுதான் இன்னும் மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணன் மகளுக்கு ஒன்பது வயது. முன்பற்களில் சுண்ணாம்பு தடவியதுபோல் லேசான வெள்ளைத் திட்டு, சொத்தை ஒன்றுகூட இல்லை. தங்கச்சி மகனுக்கு ஐந்து வயது. திட்டு, கறை எதுவுமில்லாத வெள்ளைப் பல், அதில் ஆறு சொத்தை.

தங்கச்சிக்கு முகம் சுண்டிவிட்டது. அவள் செய்ததில் குறை சொல்லவும் முடியாது. என்னைப் போலக் கறைப்பல்லோடு வளர்ந்தவள், பிள்ளைக்கு அது வரக்கூடாது என்று ஆர்.ஓ. வாங்கினாள். அந்த மெஷின் உப்போடு சேர்த்து ஃப்ளோரைடையும் பெரும்பாலும் எடுத்துவிடும். அதோடு விடாமல், ஃப்ளோரைடு இல்லாத மூலிகைப் பேஸ்ட்டாகத் தேடி வாங்கியிருக்கிறாள். ஃப்ளோரைடு என்றால் எங்கள் ஊரில் விஷம் மாதிரி. ஆனால் அளவோடு இருந்தால் சொத்தையைத் தடுப்பதும் அதுதான். இந்தப் பக்கம் அது தண்ணீரிலும் இல்லை, பேஸ்ட்டிலும் இல்லை. அந்தப் பக்கம் மூன்று வயது வரை ராத்திரி சர்க்கரை போட்ட பால் பாட்டில், வாயில் வைத்தபடியே தூக்கம். "பல்லுக்குக் காவலுக்கு யாருமே இல்லையேம்மா" என்றார் டாக்டர். திட்டுகிற மாதிரி இல்லை, கணக்குப் பார்த்துச் சொல்கிற மாதிரி.

சிட்னி தண்ணீர் ஏன் அவருக்குத் தேவைப்பட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. அங்கே 1968 முதல் குடிநீரில் ஃப்ளோரைடை அவர்களே சேர்க்கிறார்கள், லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவுக்கு. இங்கே அதுதான் எல்லைக்கோடு. ஒரே சரக்கு, அங்கே டோஸ் பார்த்து ஊற்றுகிறார்கள், எங்கள் ஊரில் பாறை தன் இஷ்டத்துக்கு ஊற்றுகிறது. இங்கே வெயிலுக்கு நாம் குடிக்கும் தண்ணீரும் அதிகம்.

இதில் ஒரு வேடிக்கை. ஃப்ளோரைடு பல்லைக் காக்கும் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்ததே எங்களைப் போன்ற கறைப்பல் ஊர்தான். அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு 1901-இல் வேலைக்கு வந்த ஃப்ரெடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பழுப்புப் பல் இருப்பதைப் பார்த்துக் காரணம் தேடிக்கொண்டு போனார். அந்தப் பற்களில் சொத்தை குறைவு என்பதையும் கவனித்தார். தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடுதான் காரணம் என்பது 1931-இல் தெரிந்தது. கறை வராமல் சொத்தையும் தடுக்கிற அளவு எது என்று கணக்குப் போட்டு, 1945-இல் கிராண்ட் ராபிட்ஸ் நகரத்துக் குடிநீரில் முதன்முதலாகக் கலந்தார்கள். என் பல்லின் கோட்டைச் சிட்னிக்காரர் அடையாளம் காணவில்லை, அவர் ஊர்க் குழாயில் ஓடுவதோ அதே கோட்டிலிருந்து பிறந்த அறிவு.

சீலன்ட் பூசுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பல்லைத் தேய்த்துக் கழுவி, இரண்டு பக்கமும் பஞ்சுச் சுருள் வைத்து எச்சிலைத் தடுத்தார்கள். நீல நிறத்தில் ஒரு ஜெல், அது அமிலம். மகள் புளிக்கிறது என்று முகத்தைச் சுளித்தாள். கழுவிக் காற்றடித்ததும் பல்லின் மேல்பரப்பு பளபளப்புப் போய், பனி பிடித்த கண்ணாடி மாதிரி மங்கலாகிவிட்டது. "இப்ப ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் மறுபடி முதல்லேர்ந்து செய்யணும்" என்று டாக்டர் சொல்ல, உதவிக்கு இருந்த பெண் பஞ்சை மாற்றினாள். வெடிப்பில் பால்போல ஒன்றை ஒழுகவிட்டு, ஊசி முனையால் இழுத்துவிட்டு, நீல விளக்கைக் காட்டினார்கள். முடிந்தது. ஊசி இல்லை, டிரில் இல்லை.

மூன்று பல்தான் பூசினார். கீழ்வரிசையில் ஒன்றின் பின்பக்கம் இன்னும் ஈறு மூடியிருந்தது. "ஈரம் படாம தடுக்க முடியாது, போட்டாலும் பிச்சுக்கும். முழுசா வரட்டும், நீங்க அங்கேயே போட்டுக்கோங்க." பல்லுக்கு 700 ரூபாய் என்று மூன்றுக்கு 2,100 ரூபாய், பில்லோடு. நான்காவதையும் பூசிக் காசு வாங்கியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. பொங்கலுக்குக் கரும்பு கடிக்கலாமா என்று மகள் கேட்டாள். கடி, கடித்ததும் கொப்பளி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சு இருக்கிறதா என்று காட்டு என்றார்.

தங்கச்சி மகன் விஷயம் அவ்வளவு லேசாக முடியவில்லை. குட்டி சென்சாரை வாயில் வைத்து எக்ஸ்ரே எடுத்ததில், ராத்திரி வலிக்கிறது என்று அவன் அழுத பல்லில் சொத்தை நரம்புவரை போயிருந்தது. அதற்கு வேர் சிகிச்சையும் ஸ்டீல் கேப்பும். பால் பல்தானே, விழத்தானே போகிறது என்று அம்மா போனில் சொன்னதை டாக்டரிடம் அப்படியே சொன்னோம். கடைவாய்ப் பால் பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்கும், முன்னாலேயே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து, கீழிருந்து வருவதற்கு இடம் இருக்காது என்றார்.

மற்ற மூன்று கடைவாய்ப் பற்களுக்கு வேறு வழி சொன்னார். எஸ்.டி.எஃப். என்ற மருந்து, வெள்ளியும் ஃப்ளோரைடும் கலந்தது. சொத்தையில் தொட்டு வைத்தால் அது மேலே பரவாமல் நிற்கும். டிரில் வேண்டாம், பிள்ளை பயப்படாது, செலவும் குறைவு. ஒரே ஒரு குறை, சொத்தை இருந்த இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடும்.

"கறுப்பா? நிரந்தரமாவா?" என்றாள் தங்கச்சி.

"அந்தப் பல் விழற வரைக்கும்."

அவள் என் பல்லைப் பார்த்தாள். கறை வரக்கூடாது என்றுதானே ஐந்து வருடமாக இந்தப் பாடு. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பின்பற்களுக்கு மட்டும் சரி, முன்பல் இரண்டுக்கும் வெள்ளை ஃபில்லிங் என்று கடைசியில் ஒத்துக்கொண்டாள். சின்ன பிரஷ்ஷால் தொட்டு வைத்தார்கள். இரும்பை நக்கின மாதிரி இருக்கிறது என்றான் பையன். ஆறு மாதம் கழித்து மறுபடி வைக்க வேண்டும். பேஸ்ட்டும் மாறியது: 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) ஃப்ளோரைடு உள்ளது, பட்டாணி அளவு, ராத்திரி அம்மாவே தேய்த்துவிட வேண்டும், துப்பலாம், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். இங்கே பேஸ்ட் அட்டையிலேயே பி.பி.எம். அச்சிட்டிருக்கிறது, எங்கள் வீட்டில் யாரும் அதைப் படித்ததில்லை.

எங்கள் ஆயா இருந்திருந்தால் கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டுப் புகை பிடிக்க வைத்திருக்கும். தண்ணீரில் வெள்ளையாக ஏதோ விழும், அதுதான் பல் பூச்சி என்று காட்டும். கிருமி சர்க்கரையைத் தின்று அமிலம் கக்கிப் பல்லைக் கரைக்கிறது என்று டாக்டர் பையனிடம் சொன்னபோது, ஆயா ரொம்ப தூரம் தப்பாகச் சொல்லவில்லை என்று தோன்றியது.

அண்ணன் மகளுக்கு மருந்தே எழுதவில்லை. அவள் படிக்கும் அரசுப் பள்ளிக்கு வந்த நடமாடும் மருத்துவக் குழு வாயைப் பார்த்து எழுதிக்கொடுத்த சீட்டு எட்டு மாதமாக பிரிட்ஜ் மேல் கிடந்திருக்கிறது. திட்டு லேசானதுதான், பெரியவள் ஆனதும் வேண்டுமென்றால் மேலாகத் தேய்த்து எடுக்கலாம், இப்போது தொட வேண்டாம் என்றார் டாக்டர். "ஆனா வீட்ல சின்னக் குழந்தை இருக்கா?" இருக்கிறது, அண்ணனின் இரண்டாவது, ஒன்றரை வயது. "அப்ப தண்ணியை டெஸ்ட் பண்ணுங்க. இந்தப் பாப்பாவுக்கு முன்பல்லு எனாமல் கட்டி முடிஞ்சது. அதுக்கு இப்பத்தான் கட்டிக்கிட்டிருக்கு."

அண்ணி காய்ச்சித்தான் கொடுக்கிறாள் என்றேன். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் ஏறும் என்றார் டாக்டர்.

எங்களுக்குத்தான் 2013-லேயே ஒகேனக்கல் தண்ணீர் வந்துவிட்டதே என்று கேட்கலாம். வந்தது உண்மை. ஜப்பான் கடனில் 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரியைக் குழாயில் கொண்டுவந்தார்கள். திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ், அதாவது ஃப்ளோரைடு அதிகமாகி வரும் பல், எலும்புக் கோளாறு, அதன் பாதிப்பைக் குறைப்பது என்று இருக்கிறது. என் வயதுக்காரர்களின் பல்லையும் அண்ணன் மகள் பல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பலன் கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் எங்கள் ஊர்த் தொட்டியில் காவிரித் தண்ணீர் போதாத நாளில் போர் தண்ணீரையும் சேர்த்து ஏற்றிவிடுகிறார்கள். ஒரே குழாய், எந்த நாளில் எது வருகிறது என்று குடிக்கிறவருக்குத் தெரியாது.

கிளம்பும் முன் குழாய்த் தண்ணீர் ஒரு பாட்டில், போர் தண்ணீர் ஒரு பாட்டில் பிடித்து, பிளாஸ்திரியில் பெயர் ஒட்டி, தருமபுரியில் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுக்கச் சொல்லி அண்ணனிடம் கொடுத்தேன். நாங்கள் சிட்னி வந்து இரண்டு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் எழுதினான்: "குழாய் 1.3, போர் 2.6. தொட்டிக்குத் தண்ணி ஏத்துறவர்கிட்ட பேப்பரைக் காட்டினேன். நாளைக்கு வாங்கன்னார். சின்னதுக்கு மட்டும் கேன் போட்டாச்சு."