பாஸ்டனில் வரிக்கதை கேட்டபடி மூன்று மணி நேர நடை

பாஸ்டன் போனால் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய கதையை யாராவது எப்படியும் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதற்கு முந்தைய கதைதான் வேண்டியிருந்தது. பிரிட்டனுக்கும் அதன் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் நடுவே வரித் தகராறாக ஆரம்பித்தது பத்துப் பன்னிரண்டு வருடத்தில் எப்படித் துப்பாக்கிச் சண்டையானது? அதைச் சொல்கிறோம் என்று போட்டிருந்ததால்தான் இந்த நடைச்சுற்றுலாவுக்குப் பணம் கட்டினேன். 5க்கு 4 கொடுக்கிறேன்.

கிளம்பும்போதே ஆளுக்கு ஒரு அட்டை தருகிறார்கள். கப்பல் முதலாளி, வக்கீல், ரம் காய்ச்சுபவர், துறைமுகக் கூலி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில், எனக்கு அச்சகக்காரர். ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, இந்தச் சட்டம் வந்தால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று வழிகாட்டி கேட்கிறார், நாம் யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே போகலாம்.

முதலில் 1713இல் கட்டிய பழைய அரசு மாளிகை. மாடியில் இருக்கும் ஆலோசனை அறையில்தான் 1761இல் வக்கீல் ஜேம்ஸ் ஓடிஸ், சுங்க அதிகாரிகள் கடத்தல் சரக்கைத் தேடி யார் வீட்டுக்குள்ளும் நுழையலாம் என்ற பொது ஆணையை எதிர்த்து வாதாடித் தோற்றார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பின்னாளில் அமெரிக்க அதிபரான 25 வயது ஜான் ஆடம்ஸும் ஒருவர். அங்கேயே 1764ஆம் வருடச் சர்க்கரைச் சட்டத்தையும் வழிகாட்டி விளக்கினார். ரம் காய்ச்சப் பயன்படும் மொலாசஸ் என்ற சர்க்கரைப் பாகு மீதான வரியைக் கேலனுக்கு 6 பென்ஸிலிருந்து 3 பென்ஸாகக் குறைத்தார்கள், ஆனால் கோபம் கூடியது. ஏனென்றால் பழைய வரியை யாரும் ஒழுங்காக வசூலித்ததே இல்லை, அதிகாரி கையில் ஏதாவது கொடுத்தால் முடிந்தது. புதியதைக் கறாராக வசூலிப்பதோடு, மாட்டினால் ஜூரி இல்லாத கடற்படை நீதிமன்றத்தில் வழக்கு. ரம் அட்டை வைத்திருந்த அம்மா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நிஜமாகவே கோபப்பட்டார்.

அப்புறம் என் முறை வரும் என்று காத்திருந்தேன், வரவே இல்லை. அச்சிட்ட தாளுக்கெல்லாம் வரி கட்டி முத்திரை வாங்கச் சொன்ன 1765ஆம் வருட முத்திரைச் சட்டத்தை இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். எனக்கு உண்மையிலேயே வருத்தம். மற்ற வரிகள் துறைமுகத்தோடு நின்றன, இதுதான் பத்திரிகை, பத்திரம், உரிமம், சீட்டுக்கட்டு என்று எல்லார் கைக்கும் வந்தது. ஒரு விளம்பரத்துக்கு 2 ஷில்லிங். ஊருக்கே சேதி சொல்லக்கூடிய அச்சகக்காரரையும், வாதாடத் தெரிந்த வக்கீலையும் ஒரே நாளில் பகைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அந்த அக்டோபரில் ஒன்பது குடியேற்றங்களின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடினார்கள், அடுத்த மார்ச்சில் சட்டமே ரத்து. ஆனால் ரத்து செய்த கையோடு, உங்களுக்கு எந்தச் சட்டமும் போட எங்களுக்கு உரிமை உண்டு என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இன்னொரு சட்டம் போட்டது. முடிச்சே அங்கேதான் இருக்கிறது, அதைச் சொல்லாமல் நகர்ந்ததற்குத்தான் ஒரு மதிப்பெண் குறைத்தேன். முத்திரை விநியோகிக்க நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் உருவபொம்மையை எதிர்ப்பாளர்கள் தொங்கவிட்ட, சுதந்திர மரம் என்று பேர் பெற்ற மரம் இருந்த இடமும் அங்கிருந்து நடக்கும் தூரம்தான்.

பழைய அரசு மாளிகையின் மாடத்துக்குக் கீழே, 1770 மார்ச் 5 அன்று பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டு ஐந்து பேர் இறந்த இடத்தில் அரை மணி நேரம் நிறுத்தினார். நீளம்தான், ஆனாலும் ஒரு விஷயம் மனதில் நின்றது. அதே நாளில்தான் லண்டனில் பிரதமர் நார்த் பிரபு, 1767இல் இறக்குமதிச் சரக்குகள் மீது போட்ட டவுன்ஷெண்ட் வரிகளில் தேயிலை தவிர மற்றவற்றை நீக்கலாம் என்று நாடாளுமன்றத்தில் முன்மொழிந்தார். நடுவில் அவ்வளவு பெரிய கடல், பாஸ்டன் சேதி லண்டனுக்கும் லண்டன் சேதி பாஸ்டனுக்கும் போய்ச் சேர வாரக்கணக்காகும்.

பழைய தெற்குக் கூட்ட மண்டபம் பிரமாதம். 1773 டிசம்பர் 16 அன்று ஆயிரக்கணக்கானோர் கூடிய அதே கூடத்தில் உட்கார வைத்துச் சொல்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனியைக் காப்பாற்ற வந்த சட்டத்தால் தேயிலை விலை குறையத்தான் செய்தது. ஆனால் பவுண்டுக்கு 3 பென்ஸ் வரி அப்படியே இருந்தது, விற்கும் உரிமையும் ஆளுநர் ஹட்சின்சனின் மகன்கள் உட்பட ஒரு சிலருக்குத்தான். மலிவாகக் கிடைக்கிறதே, வாங்குவீர்களா என்று எங்களைக் கேட்டார். கூலி அட்டைக்காரர் வாங்குவேன் என்றார், கப்பல் முதலாளி முடியாது என்றார், நல்ல விவாதமே நடந்தது. தேயிலையோடு வந்து நின்ற டார்ட்மவுத் கப்பலுக்கு வரி கட்ட இருபது நாள் கெடு மறுநாள் முடிகிறது, வரி கட்டாவிட்டால் சரக்கைச் சுங்கம் எடுத்துக்கொள்ளும், கப்பலைத் திருப்பி அனுப்ப ஆளுநர் விடவில்லை. அன்று ராத்திரியே 342 பெட்டிகள் தண்ணீருக்குள் போனது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கடைசி இடம் சுமார். தேயிலையைக் கொட்டிய படகுத்துறை இப்போது இல்லை, கடலைத் தூர்த்துவிட்டார்கள். வண்டிச் சத்தத்துக்கு நடுவில் தெருமுனையில் நின்று 1774இல் பிரிட்டன் துறைமுகத்தை மூடியதையும் மறு ஏப்ரலில் பக்கத்து ஊரான லெக்சிங்டனில் துப்பாக்கிச் சண்டை ஆரம்பித்ததையும் சொன்னார், பாதி காதில் விழவில்லை. அதை மண்டபத்திலேயே சொல்லியிருக்கலாம்.

போகிறவர்கள் வாஷிங்டன் தெருவும் எசெக்ஸ் தெருவும் சந்திக்கும் முனையில் சுதந்திர மரத்தின் நினைவுப் பலகையை முதலில் பார்த்துவிட்டு வாருங்கள். அட்டை கொடுக்கும்போது வக்கீல் கிடைத்தால் விடாதீர்கள், அவருக்குத்தான் எல்லா இடத்திலும் வேலை இருக்கிறது.