கழுத்தா, தோளா, மணிக்கட்டா? திருகோணமலை வெயிலுக்குத் தோதான கமரா பெல்ட்

கமராவோடு பெட்டிக்குள் வருகிற பெல்ட்டை மாற்ற வேண்டும் என்ற யோசனை பெரும்பாலும் கலியாணம் படமெடுத்த ஒரு நாளின் பின்னேரத்தில்தான் வரும். காலையில் பால் அறுகு வைப்பில் தொடங்கி, தாலிகட்டு, ஆசீர்வாதம், குறூப் படம் என்று இழுபட்டு, சாப்பாட்டுப் பந்தி முடியும்போது பின்கழுத்தில் ஒரு சிவந்த கோடு விழுந்திருக்கும். தோள் இரண்டும் உளையும். மறுநாள் கடைக்குப் போய், "நல்ல மெத்தையான பெல்ட் இருக்கா அண்ணை?" என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்வியோடுதான் எனக்கு வழக்கு. மெத்தை நோவைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பாரம் உடம்பில் எங்கே இறங்குகிறது, வியர்வையும் உப்புக்காற்றும் அந்தத் துணியை என்ன செய்கின்றன, கமராவோடு சேருகிற மூட்டு எத்தனை காலம் நிற்கும் என்பவற்றைப் பார்த்து வாங்கினால் மெத்தையைப் பற்றிய பேச்சே பெரும்பாலும் தேவைப்படாது.

முதலில் கமராவை லென்ஸோடு தராசில் வையுங்கள். கனன் எம்50 பற்றரியோடு 387 கிராம். அதன் 15-45 கிட் லென்ஸ் 130 கிராம். இரண்டும் சேர்த்து அரைக் கிலோவுக்குச் சற்று மேல். கலியாணம் எடுக்கிறவர் கையில் சோனி ஏ7 III இருந்தால் அது 650 கிராம், 24-70 ஜிஎம் லென்ஸ் 886 கிராம், ஆக ஒன்றரைக் கிலோ. நிலாவெளி உப்பளப் பக்கம் பறவை பார்க்கப் போகிறவர் நிக்கோன் 200-500 கொண்டுபோனால் லென்ஸ் மட்டுமே 2300 கிராம். இந்த மூன்று பேருக்கும் ஒரே பெல்ட்டைச் சிபாரிசு செய்கிறவர் விற்பனைக்காரராகத்தான் இருப்பார்.

கம்பனி பெல்ட்டிலிருந்து தொடங்குவோம். அதில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: இரும்பு இல்லை. நுனியிலுள்ள ஒடுக்கமான வால் நாடாவைக் கமராவின் காதுக்குள், அதாவது பெல்ட் மாட்டுகிற துளைக்குள் விட்டு, பிளாஸ்ரிக் பக்கிளில் மடித்து இழுத்துவிட்டால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும், துருப்பிடிக்க எதுவும் கிடையாது. மற்றதெல்லாம் குறைதான். குறுக்காகப் போட நீளம் காணாது. வழுக்காமல் இருக்க உட்புறம் பூசிய றப்பர், சேட்டைப் பிடித்து இழுக்கும். கம்பனிப் பெயரை அத்தனை பெரிய எழுத்தில் தைத்திருப்பதால், கோட்டை வாசலில் காவலுக்கு நிற்கிறவர் உங்களைக் கண்ட மறுகணமே கமராவையும் கண்டுவிடுவார். பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. எதைப் படம் எடுக்கலாம் என்று கேட்டுவிட்டு எடுப்பது வேறு விஷயம், பெயர்ப்பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவது வேறு விஷயம்.

கடைக்காரர் அடுத்து நீட்டுவது நியோப்பிரீன் பெல்ட். ஒப்டெக் கம்பனியின் பெல்ட்டுகள் இந்த வகையில் நெடுங்காலமாகப் பேர்போனவை. அவற்றைப் பார்த்து செய்த மலிவுப் பிரதிகளும் ஏராளம். சுழியோடிகள் போடுகிற உடுப்பின் அதே துணிதான். இழுபடும். பாரம் தொங்கும்போது அது கொஞ்சம் நீண்டு கொடுப்பதால், கடையில் போட்டுப் பார்த்த முதல் நிமிடம் கமரா பாதியாக இலேசாகிவிட்டது போலத் தோன்றும். அந்த முதல் நிமிடத்தில்தான் விற்பனை முடிகிறது. கோணேசர் கோயில் ஏற்றத்தில் நடக்கத் தொடங்கினால் அதே இழுபடுதல் ஒவ்வொரு அடிக்கும் கமராவை ஊஞ்சல் ஆட்டும். அரைக் கிலோக் கமரா என்றால் தெரியாது. ஒன்றரைக் கிலோ வயிற்றில் வந்து மோதும்.

அதைவிடப் பெரிய பிரச்சினை சூடு. நியோப்பிரீனுக்குள் நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. சுழியோடியின் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் வைத்திருப்பதற்கென்றே செய்த துணி அது. கச்சான் காற்று வீசுகிற ஆடி மாதத்தில் அதைப் பின்கழுத்தில் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வியர்வை காயாது, தோல் வெந்துபோகும். குளிர்தேசத்தில் எழுதப்பட்ட சிபாரிசுகளை அப்படியே இங்கே கொண்டுவந்தால் வரும் வில்லங்கம் இது.

இதன் உச்சம் கோயிலுக்குள்தான். நம் கோயில்கள் பலவற்றில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், படப்பிடிப்பாளருக்கும் விலக்குக் கிடையாது. வேட்டி, இடுப்பில் சால்வை, வெறும் தோளில் கமரா பெல்ட். கோயில் கலியாணமோ தேர்த் திருவிழாவோ, கற்பூரப் புகையும் சனநெரிசலும் சேர்ந்து உடம்பு முழுக்க வியர்வை. றப்பர் பூசிய பெல்ட் தோலைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கும், கமராவைக் கண்ணுக்கு உயர்த்தும் ஒவ்வொரு தடவையும் தோலும் கூடவே இழுபடும். முரட்டு நைலோன் பட்டி என்றால் அதன் ஓரம் அரம் போல உராயும். பூசை முடிந்து சேட்டைப் போடும்போதுதான் எரிவு தெரியும். ஒரு பெல்ட் சுகமா இல்லையா என்பதற்கு இதைவிடக் கடுமையான சோதனை எனக்குத் தெரியாது. கடையில் சேட்டுக்கு மேலே போட்டுப் பார்ப்பதைவிட, கையை மடித்துவிட்டு உள்முழங்கையில் பெல்ட்டின் ஓரத்தை இரண்டு தரம் இழுத்துப் பாருங்கள். எரிந்தால் வேண்டாம்.

அந்தச் சோதனையில் தேறுவது சீட் பெல்ட் மாதிரி நெய்த வழுவழுப்பான பட்டி. பீக் டிசைன் கம்பனியின் ஸ்லைட் இந்த வகையில் எல்லோரும் சொல்வது: 45 மில்லிமீற்றர் அகலம். அதன் தம்பி ஸ்லைட் லைட் 32 மில்லிமீற்றர். எம்50 மாதிரிச் சின்னக் கமராவுக்குத் தம்பியே போதும். ஒன்றரைக் கிலோவைத் தாண்டினால் அண்ணனை எடுங்கள். குறுக்காகப் போட்டால் பாரம் கழுத்தெலும்பை விட்டுத் தோளிலும் முதுகிலும் இறங்குகிறது. உயர்த்தும்போது பட்டி உடம்பின் மேல் வழுக்கி வருகிறது, உடம்பு பட்டியோடு இழுபடுவதில்லை. ஒரு கையால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஓட்டோவில் ஏறும்போது நெஞ்சோடு இறுக்கிவிட்டு, இறங்கியதும் தளர்த்துவது ஒரு நொடி வேலை. மெத்தை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் நாள் முழுக்கப் போட்டிருக்கலாம்.

குறையும் உண்டு. ஒரு பக்கத் தோளில் சும்மா மாட்டினால் வழுக்கி விழும், குறுக்காகத்தான் போட வேண்டும். சேலை கட்டிய படப்பிடிப்பாளர் அக்காமாருக்கு இந்தக் குறுக்குப் பட்டி அவ்வளவு தோதில்லை. நெஞ்சுக்குக் குறுக்கே விழுவது ஒருபுறம், முந்தானைப் பின்னில் பட்டி மாட்டுவது இன்னொருபுறம், தாலிக்கொடியோடு சிக்குவது வேறு. பட்டுச் சேலையின் இழையைப் பட்டியின் உலோகச் சரிசெய்கருவி பிடித்திழுத்தால் கமராவைவிடச் சேலைக்குத்தான் செலவு. அவர்களுக்கு இரண்டு தோளிலும் பாரத்தைப் பிரிக்கிற ஹானஸ் நல்லது, அதுவும் சல்வாருக்கு மேலே. இரண்டு கமராவோடு நிற்கிற ஆண்களுக்கும் அதேதான். வெக்கை கூடும், மாட்டிக் கழற்ற நேரம் எடுக்கும், ஆனால் முதுகு நன்றி சொல்லும்.

இனி ஸ்லிங். பிளாக்ராப்பிட் பெயரால் பிரபலமான வகை: கமராவின் அடியில் ட்ரைபோட் துளைக்குள் ஒரு திருகாணி, அதில் ஒரு கொக்கி, கமரா இடுப்பருகே தலைகீழாகத் தொங்கும். தோள்மெத்தை நகராமல் நிற்க, கமரா மட்டும் நாடா வழியே மேலே ஏறி வரும். வேகத்தில் இதை வெல்ல ஆளில்லை. தூரத்தைக் கிட்ட இழுத்துக் காட்டும் பாரமான ரெலி லென்ஸுக்கு நான் இதைத்தான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: திருகாணியைக் கமராவில் பூட்டாமல், லென்ஸைச் சுற்றியிருக்கிற கொலர் வளையத்தின் காலில் பூட்டுங்கள். இரண்டு கிலோ லென்ஸைக் கமராவில் தொங்கவிட்டால் பாரம் முழுக்க, லென்ஸ் கமராவோடு சேருகிற மவுண்ட் வளையத்தில் இழுக்கும்.

ஆனால் இந்த ஊரில் ஸ்லிங்குக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, ஆட்டம். புறாமலைத் தீவுக்குப் படகில் போய் முழங்கால் தண்ணீரில் குதிக்கும்போது கமரா தன்பாட்டுக்கு ஆடிப்போய்ப் படகின் விளிம்பில் மோதும். மோட்டார் சைக்கிளில் இன்னும் மோசம். நிற்காத அதிர்வில் திருகாணி மெல்ல மெல்லக் கழரும், நீங்கள் நடக்கும்போது தெரியாது. கால் அங்குலத் திருகாணி, ஓர் அங்குலத்துக்கு 20 புரி. அரைச் சுற்றுக் கழன்றாலும் விரலுக்குத் தெரியும், பார்க்கத்தான் நினைவு வராது. மற்றது, உப்பு. கொக்கியின் உள்ளே இருக்கும் சிறிய வில்லுக்குக் கடற்காற்றில் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு வந்து, மூடும்போது கரகரக்கத் தொடங்கும். அந்தச் சத்தம் கேட்டால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள், கழுவியும் வில் தளர்ந்தே இருந்தால் எறிந்துவிடுங்கள். உலோகம் வாங்கும்போது 316 ரக ஸ்டெயின்லெஸ் கிடைத்தால் அதையே எடுக்கலாம். அதில் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் கடல் உப்பைச் சாதாரண 304 ரகத்தைவிட நன்றாகத் தாங்கும்.

மணிக்கட்டுப் பட்டியைச் சின்னக் கமராக்காரருக்கு மட்டும் சொல்லலாம். உப்புவெளியில் விடியப்புறம் கரைவலை இழுக்கும்போது ஒரு கையில் எம்50ஐச் சுற்றிக்கொண்டு நடப்பது சுகமான வேலை. யாராவது தேத்தண்ணி நீட்டினால் அந்தக் கை போதும், மீன்காரர் "தம்பி, ஒரு கை பிடி" என்று கயிற்றை நீட்டினால் போதாது.

தோல் பெல்ட், அழகு. கார்த்திகை மழையில் அலுமாரிக்குள் வைத்துவிட்டு தையில் எடுத்துப் பாருங்கள், பச்சைப் பூஞ்சணம் பிடித்திருக்கும். வெள்ளைச் சேட்டில் அதன் சாயம் இறங்கினால் சவர்க்காரத்துக்குப் போகாது. மலையேறுகிறவர்களின் கயிற்றில் செய்த உருண்டைப் பெல்ட்டுகளும் இப்போது வருகின்றன. அரைக் கிலோவுக்குள் பரவாயில்லை, அதற்கு மேலே கயிறு கயிறுதான்.

இவற்றுக்கெல்லாம் போட்டியாக நான் வைக்கிற ஆள் எந்தப் பெட்டியிலும் வராதது: காரின் சீட் பெல்ட் பட்டியில் உள்ளூர்க் குஷன் கடையில் தைத்த பெல்ட். வாகன இருக்கை தைக்கிற கடைகளில் இந்தப் பட்டி கிடைக்கும். ஏறத்தாழ ஐந்து சென்றிமீற்றர் அகலம், பொலியெஸ்டர் நெசவு. நைலோனைவிடப் பொலியெஸ்டர் தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும், வெயிலையும் கூடத் தாங்கும். திருமலைக்கு இது சின்ன விஷயமில்லை. பலத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், மனிதரை வாகன விபத்தில் பிடித்து நிறுத்துகிற பட்டி அது. பழைய வாகனத்தில் கழற்றியதை வாங்காதீர்கள். வெயிலில் வெளிறிய பட்டியின் ஓரம் பிசிறு எழுந்து, மேலே சொன்ன அரமாகவே மாறியிருக்கும்.

வேலை எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. பட்டியை வெட்டியதும் கடைக்காரர் லைட்டரால் வெட்டுவாயைச் சுட்டு, இளகிய விளிம்பை இரும்புத் தகட்டில் ஒரு அழுத்து அழுத்துவார், நூல் பிரியாது. சிக்கல் அதற்குப் பிறகுதான். கமராக் காதுக்குள் போகிற வால் நாடா ஒரு சென்றிமீற்றர் அகலம்தான், ஐந்து சென்றிமீற்றர் பட்டி அதற்குள் போகாது. ஆகவே அகலப் பட்டியின் நுனியை இரண்டு பக்கமும் மடித்துக் கூம்பாக்கி, நடுவே வால் நாடாவைச் சொருகித் தைக்க வேண்டும். அந்த இடத்தில் நேர்த்தையல் ஒன்று ஓட்டிவிட்டு முடித்தால் ஏற்காதீர்கள். நாலு பக்கச் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் வர வேண்டும். "கார் பெல்ட்டுக்குப் போடுற தையல் போட்டுத்தாறன் தம்பி" என்று அவரே சொன்னால் சரியான கடைக்கு வந்திருக்கிறீர்கள்.

இந்தப் பெல்ட் எதில் தோற்கிறது? ஒரு கையால் நீளம் மாற்றுகிற வசதி இல்லை, பார்வைக்கு ஸ்லைட் அளவு நேர்த்தியும் இல்லை. புதுப் பட்டி முதலில் விறைப்பாக இருக்கும், இரண்டு மூன்று தரம் துவைத்தபின் வழிக்கு வரும். விலையில் ஒப்பிடவே வேண்டாம், இறக்குமதிப் பெல்ட்டின் விலைக்கு இங்கே குடும்பத்துக்கே தைத்துவிடலாம்.

ஆகவே என் கணக்கு இப்படி: காசு மிச்சமென்றால் பட்டியில் மிச்சம் பிடியுங்கள், மூட்டில் பிடிக்காதீர்கள். கமரா விழுந்தால் பெரும்பாலும் மூட்டில்தான் விழும். பீக் டிசைனின் அங்கர் லிங்குகளைத் தனியாக வாங்கி, அவற்றின் கூட்டைத் தைத்த பெல்ட்டின் வாலிலும், அங்கர் என்கிற சின்னக் கயிற்று வளையத்தைக் கமராக் காதிலும் கோத்துக்கொள்ளலாம். அங்கர் 90 கிலோ வரை தாங்கும் என்று கம்பனி சொல்கிறது. அந்தச் சின்னக் கயிறு தேயத் தொடங்கினால் கறுப்பு உறைக்குக் கீழே வேறு நிறம் எட்டிப் பார்க்கும், அது மாற்றச் சொல்லும் சைகை. 2017இல் அதே கம்பனி தன் பழைய ரக அங்கர்கள் எதிர்பார்த்ததைவிட விரைவில் தேயலாம் என்று கண்டு இலவசமாக மாற்றிக்கொடுத்தது. ஆகவே பழைய சோடியை யாராவது சும்மா தந்தாலும் வாங்காதீர்கள். ஒன்லைனில் கால் விலைக்கு வருகிற பிரதிகளுக்கும் அதே பதில். பியூஜி, சோனி மாதிரி வட்டக் காதுள்ள கமராக்களில் இடையில் ஒரு சின்ன இரும்பு வளையம் வரும். துருவும் தேய்வும் அங்கேதான் தொடங்கும், அங்கரோடு சேர்த்து அதையும் பாருங்கள்.

கலியாணம் எடுக்கிறவர் ஒருவர் ஒரே ஒரு பெல்ட் வாங்க என்னைக் கேட்டால் ஸ்லைட் என்பேன். கையில் காசு இறுக்கம் என்றால் குஷன் கடைப் பட்டியும் அசல் அங்கரும். பறவைக்காரருக்கு ஸ்லிங், கொலர்க் காலில். எம்50 வைத்திருக்கும் பெடியனுக்கு மணிக்கட்டுப் பட்டி காணும். நியோப்பிரீனை நுவரெலியாவில் கலியாணம் எடுக்கிறவருக்குச் சொல்லலாம்.

தைக்கக் கொடுக்கப் போகிறவர்கள் கமராவை லென்ஸோடு கொண்டுபோங்கள். பட்டியைக் குறுக்காகப் போட்டு, கமரா இடுப்பெலும்புக்குச் சற்று மேலே நிற்கிறதா, கண்ணுக்கு உயர்த்தும்போது தோளில் இறுகாமல் வருகிறதா என்று பார்த்தபிறகே வாலைத் தைக்க விடுங்கள். முழுப் பாரத்துக்கு முன் ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிட்டு, காலையில் தையலை நகத்தால் நெருடிப் பாருங்கள். நூல் பொலியெஸ்டரா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். பருத்தி நூல் என்றால் ஒரு மாரி தாண்டாது.