இரண்டு சென்டிமீட்டர் லேஸ்: வேக்போர்டு பூட்ஸோடு மூன்று வருடம்

போன வாரம் அலுவலகத் தம்பி ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். நான் போடுகிற அதே வேக்போர்டு பைண்டிங் (கயிறு இழுக்க, பக்கவாட்டில் நின்றபடி தண்ணீரில் சறுக்குகிற பலகையோடு காலைப் பூட்டுகிற பூட்ஸ்), அதே நிறம், 520 வெள்ளியிலிருந்து 340 வெள்ளிக்கு இறங்கியிருக்கிறது. "அண்ணே, வாங்கிடலாமா?" என்று ஒரே ஒரு வரி. பதில் எழுத உட்கார்ந்தால் நாலு வரியில் அடங்கவில்லை. மூன்று வருடமாக, மாதம் மூன்று நான்கு தடவை, சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் கேபிளில், அதாவது படகுக்குப் பதில் மேலே ஓடுகிற கம்பி நம்மை இழுக்கிற இடத்தில், இதைக் கட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறேன். இடையில் இதே பூட்ஸால் ஆறு வாரம் முட்டிக்குப் பட்டை மாட்டி நடந்தும் இருக்கிறேன். மூடிய விரல், கீழே ஒன்று மேலே ஒன்று என்று இரண்டு லேஸ், மேலே வெல்க்ரோ பட்டை, இதெல்லாம் கடைப் பக்கத்திலேயே இருக்கிறது, அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. பிராண்டு பெயரும் வேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபம் வந்துவிடும். இந்தப் பூட்ஸ் குதிகாலைப் பிடிக்கிற மாதிரி வேறு எதுவும் என் காலைப் பிடித்ததில்லை. வாடகைக்கு எடுத்து ஓட்டிய காலத்தில் விரல் திறந்த பூட்ஸ்தான் கிடைக்கும், பல பேர் காலுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருக்கும். போர்டின் விரல் பக்க விளிம்பில் சாயும்போது உள்ளே குதிகால் அரை அங்குலம் எழும்பும், அதற்கப்புறம்தான் போர்டு திரும்பும். அந்த அரை அங்குலத்தை ஈடுகட்ட விரல்களை மடக்கி போர்டை அள்ளிப் பிடித்துக்கொண்டே ஓட்டுவேன், பத்து நிமிடத்தில் உள்ளங்கால் சுண்டி இழுக்க ஆரம்பித்துவிடும். இதைப் போட்ட முதல் நாள், ஒரு மணி நேரம் ஓட்டி முடித்துக் கரையேறினபோதுதான் உறைத்தது, காலைப் பற்றி ஒருதடவைகூட நினைக்கவில்லை என்று. நினைத்த மாத்திரத்தில் போர்டு திரும்பியது. அந்த சந்தோஷம் மூன்று வருடம் கழித்தும் குறையவில்லை.

சரி, இப்போது அந்த லேஸ் லாக்.

கீழ் லேஸை இழுத்து இறுக்கினால் அதைப் பிடித்து நிறுத்த ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு, உள்ளே பல் பல்லாக, பின்னால் ஒரு குட்டி ஸ்பிரிங். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். புதிதில் கச்சிதமாகப் பிடித்தது. எட்டு ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தால் பல் எல்லாம் மழுங்கி, லேஸ் உரசிப் போகிற இடம் மட்டும் மெழுகு தடவினது மாதிரி பளபளவென்று ஆகியிருந்தது, இடுக்கில் மணல். நான்தான் சரியாக இறுக்கவில்லையோ என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் கறுப்பு மார்க்கர் எடுத்து, லாக்கை ஒட்டி இரண்டு கால் லேஸிலும் ஒரு கோடு போட்டேன். இரண்டு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் முன்கால் கோடு போட்ட இடத்திலேயே இருக்கிறது, பின்கால் கோடு இரண்டு சென்டிமீட்டர் உள்ளே போயிருக்கிறது. மறுபடி இறுக்கி மறுபடி ஓட்டினாலும் அதே கதை. கிளம்பும்போது எடையைப் பின்காலில் போட்டுத்தான் எழுகிறோம், அந்தக் கணுக்கால்தான் அதிகம் மடங்குகிறது, அதனால் அந்தப் பக்க லாக் சீக்கிரம் தேய்ந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இரண்டு சென்டிமீட்டர்தானே என்று விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

வளைவில் கயிறு ஒரு நொடி தொய்ந்து அப்புறம் வெடுக்கென்று இழுக்கும், கேபிளில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் சைக்கிளுக்குப் பெரிதில்லை, தண்ணீரில் விளிம்பு மாட்டினால் பெரிதுதான். அன்றைக்கு விரல் பக்க விளிம்பு மாட்டி முகம் குப்புற விழுந்தேன், அதுவரைக்கும் சாதாரண விழுகைதான், நூறு தடவை விழுந்திருப்பேன். ஆனால் கைப்பிடியை விடவேண்டிய நேரத்தில் அரை நொடி பிடித்துக்கொண்டிருந்துவிட்டேன், அந்த இழுப்பில் வலது கால், அதாவது தளர்ந்திருந்த பின்கால், பூட்ஸிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இடது கால் வரவில்லை. 140 சென்டிமீட்டர் போர்டு முழுவதும் இப்போது ஒற்றைக் காலில் தொங்குகிறது. ஒரு முனையைத் தண்ணீர் பிடித்துத் திருப்பினால் அந்த நீளம் முழுவதும் நெம்புகோல், திருகுகிற இடம் என் முட்டி. ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி உள்ளே ஒரு உணர்வு, வலி கரைக்கு வந்த பிறகுதான் வந்தது. முட்டியின் உட்பக்கத் தசைநார், எம்சிஎல் என்கிறார்களே அது, பாதி கிழிந்திருந்தது. முட்டி நடுவில் இருக்கிற இன்னொரு தசைநார், ஏசிஎல், தப்பித்தது என்று மருத்துவர் சொன்னபோது நான் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அலுவலகத்தில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "விழுந்தா கழண்டுக்கிற மாதிரி வாங்க வேண்டியதுதானே?" பனிச்சறுக்கு ஸ்கீயில் அப்படித்தான் இருக்கிறது. ஆளின் எடை, உயரம், வயது, எப்படி ஓட்டுவார், பூட்ஸ் அடியின் நீளம் எல்லாம் பார்த்து ஒரு எண் வைப்பார்கள், அந்த விசையைத் தாண்டினால் பைண்டிங் தானாக விட்டுவிடும். அங்கே ஒவ்வொரு காலுக்கும் தனித்தனி ஸ்கீ, ஒன்று போனால் ஒன்று போகட்டும். இங்கே இரண்டு காலும் ஒரே பலகையில். ஒன்று விட்டு ஒன்று விடாவிட்டால் அதைவிட மோசம் வேறு இல்லை. நாம் கடையில் வாங்குகிற வேக்போர்டு பூட்ஸில் அப்படி ஒரு விசைக் கணக்கே கிடையாது, லேஸை எவ்வளவு இழுக்கிறோமோ அதுதான் கணக்கு. அதனால் பூட்ஸ் இறுக்கமா தளர்வா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி இரண்டு காலும் ஒரே அளவா என்பது. பிடித்தால் இரண்டையும் பிடிக்க வேண்டும், விட்டால் இரண்டையும் விட வேண்டும்.

1985 வாக்கில் இந்த விளையாட்டு பிறந்த சமயத்தில் போர்டில் கால் நுழைக்க வெறும் பட்டைதான் இருந்தது. அங்கிருந்து இன்றைக்குக் கணுக்காலுக்கு மேல் ஏறி நிற்கிற விறைப்பான பூட்ஸ் வரைக்கும் வந்திருக்கிறோம். பனிச்சறுக்குக்காரர்கள் இதை முன்னாலேயே அனுபவித்தவர்கள்: பூட்ஸ் உயரமாகவும் விறைப்பாகவும் ஆன பிறகு கணுக்கால், கீழ்க்கால் எலும்பு முறிவு குறைந்தது, முட்டித் தசைநார் கிழிவதுதான் பெரிய தொல்லையாக நின்றது. கணுக்காலைக் கட்டிப்போட்டால் விசை காணாமல் போய்விடாது, அடுத்த மூட்டைத் தேடிப் போகும்.

முட்டி ஆறுகிற ஆறு வாரத்தில் செய்த உருப்படியான வேலை, பாதத்தை அளந்தது. சுவரில் குதிகாலை ஒட்டி நின்று, காகிதத்தில் பென்சிலால் விரல் நுனியைக் குறித்தேன். வலது பாதம் இடதைவிட 4 மில்லிமீட்டர் சின்னது. இத்தனை வருடம் செருப்பு வாங்கியும் எனக்குத் தெரியாது. ஆக சின்னக் கால் பின்னால், தேய்ந்த லாக்கும் பின்னால், இரண்டும் சேர்ந்து ஒரே பக்கத்தைத் தளர்த்தியிருக்கிறது. இப்போது வலது பூட்ஸில் லைனருக்குள், அதாவது உள்மெத்தைக்குள், 3 மில்லிமீட்டர் ஃபோம் தகடு ஒன்று, கணுக்கால் எலும்புக்குக் கீழே வளைவாக வெட்டி ஒட்டின துண்டு ஒன்று. மொத்தச் செலவு 6 வெள்ளி. லேஸ் லாக்கைத் தனியாகக் கேட்டால் வாங்கின கடையில் இல்லை என்றார்கள், முழு பூட்ஸ்தான் விற்பார்களாம். ஒரு நகம் அளவு பிளாஸ்டிக்குக்காக 500 வெள்ளிப் பொருளைத் தூக்கிப் போடச் சொல்வது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. வேறு கம்பெனி உலோக லாக் இரண்டு வாங்கினேன், எங்கள் புளோக்குக்குக் கீழே செருப்புத் தைக்கிற சீன அங்கிள் லேஸ் போகிற நாடா வளையத்தையும் சேர்த்துப் பிரித்துத் தைத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் மார்க்கர் கோடு நகரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கோடு போடுகிறேன், முதல் சுற்று முடிந்ததும் நின்று பார்க்கிறேன். தண்ணீர் உள்ளே இறங்கினதும் எந்த பூட்ஸும் கொஞ்சம் இளகும், கரையில் காய்ந்த காலோடு இறுக்கினது கணக்கில்லை.

தம்பிக்குச் சொன்னது: கடைக்கு மாலையில் போ, நாள் முழுவதும் நடந்து கால் வீங்கியிருக்கிற நேரத்தில். இரண்டு காலையும் போட்டுப் பார், ஒன்றை மட்டும் போட்டுவிட்டு "சரியா இருக்கு" என்று எழுந்து வராதே. நேராக நிற்கும்போது விரல் நுனி முன்னால் லேசாகத் தொட வேண்டும், முட்டியை மடக்கினால் விலக வேண்டும். மடக்கின நிலையில் குதிகாலைத் தூக்கப் பார், தூக்க வந்தால் வேண்டாம். புதிதில் கொஞ்சம் நெருக்கமாக இருப்பது நல்லது, லைனர் ஃபோம் எப்படியும் அமுங்கும், எனக்கு இரண்டாவது வருடத்தில் அமுங்கினது நன்றாகவே தெரிந்தது. கடைசியாக, ஓட்டுகிற அளவுக்கு இறுக்கிக்கொண்டு, கையால் பிடிக்காமல் காலை உருவிப் பார். கஷ்டப்பட்டு வர வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே கஷ்டத்தில் வர வேண்டும். போடும்போது சோப்புத் தண்ணீர் போதும், வாசலின், எண்ணெய் பக்கம் போகாதே, ரப்பரும் பசையும் கெட்டுப் போகும்.

பூட்ஸை போர்டில் பூட்டுகிற கோணமும் அகலமும் தனிக் கதை. எனக்குக் கடையில் மாட்டிக் கொடுத்தபோது கடைசித் துளையில், கால் இரண்டும் அகல விரிகிற மாதிரி வைத்துவிட்டார்கள். உட்கார்ந்து எழுந்தால் முட்டி உள்பக்கம் சாய்ந்தது, அப்போது அது எனக்குத் தப்பாகவே தெரியவில்லை. வீட்டுப் படியிலிருந்து குதித்துப் பார், கால் தானாக எந்த அகலத்தில் வந்து நிற்கிறதோ கிட்டத்தட்ட அதுதான் உன் அகலம். பக்கத்துக்கு ஒரு துளை உள்ளே தள்ளி, முன்கால் 15 டிகிரி, பின்கால் வெளிப்பக்கமாக 9 டிகிரி வைத்தேன். இப்போது மடங்கினால் முட்டிச் சில்லு இரண்டாவது விரலைப் பார்க்கிறது. பூட்ஸின் அடித்தகட்டுக்குக் கீழே மணல் இருந்தால் துடைத்துவிட்டு மாட்டு, அதைப் போர்டில் பூட்டுகிற எம் 6 திருகுகளை முதல் நாள் பாதியில் ஒருதடவை முடுக்கிப் பார்.

பூட்ஸ் சரியாக இருந்துவிட்டால் முட்டி பத்திரம் என்றும் நினைத்துவிடாதே. கிக்கர் என்கிற சரிவு மேடையில் ஏறி உயரமாகப் போய்த் தட்டையான தண்ணீரில் தொப்பென்று இறங்கினால், கால் திருகவே இல்லாமல்கூட ஏசிஎல் போகலாம். பூட்ஸ் அதற்கு ஒன்றும் செய்யாது. முட்டியை மடக்கி இறங்கப் பழகு, பின்தொடைத் தசையை வலுவாக்கு, விழப் போகிறோம் என்று தெரிந்த கணத்தில் கைப்பிடியை விடு. அப்புறம் அந்தக் "கடைசியா ஒரு சுற்று". நான் விழுந்தது அதில்தான். தொடை நடுங்க ஆரம்பித்த பிறகு எடுத்த சுற்று அது, எடுத்திருக்கவே கூடாது.

ஆக, வாங்கலாமா? வேண்டாம் தம்பி. நீ மாதத்துக்கு ஒருதடவை வருகிறவன், இன்னும் வருகிறபோதெல்லாம் விழுந்து கற்றுக்கொள்கிற நிலை, உன் பாதமும் அகலம். லேஸைப் பரிசோதிக்கிற பொறுமை உனக்கு இப்போது வராது, அந்த லாக் நிச்சயம் தேயும். விரல் திறந்த, கொஞ்சம் இளக்கமான பூட்ஸ் வாங்கு, 200 வெள்ளிக்குள் நல்லது கிடைக்கும். ஒரு வருடம் ஓட்டிவிட்டுக் கேள்.

அந்தக் கடையில் என் அளவில் ஒரு ஜோடி மிச்சம் இருந்தது, நேற்றுப் போன் பண்ணி எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். அப்படிக் குதிகாலைப் பிடிக்கிறது வேறு எதிலும் எனக்கு அமையவில்லை. சனிக்கிழமை போய் வாங்கிக்கொண்டு, திரும்புகிற வழியிலேயே நாலு உலோக லாக்கோடு அங்கிளிடம் கொடுத்துவிட்டு வருவேன். அதை மாற்றாமல் தண்ணீரில் இறங்க மாட்டேன்.