பாதியில் நிறுத்தத் தெரிந்த சர்ஜன்: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை

பெயர் போட வேண்டாம் என்று தம்பி சொல்லிவிட்டான். அதனால் மதுரையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கேன்டீன், ரூம், பார்க்கிங் பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது அங்குள்ள ஆபரேஷன் தியேட்டரையும் சர்ஜிக்கல் ஐ.சி.யூ.வையும் பற்றி. அரசு மருத்துவமனையில் தியேட்டர் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த இரண்டு இடத்திலும் எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

தம்பிக்கு மலக்குடலில் புற்றுநோய். ரேடியேஷன், கீமோ எல்லாம் முடித்து, சில வாரம் ஆறவிட்டு, நாள் குறித்துச் செய்த ஆபரேஷன். கட்டி இருக்கும் பகுதியை எடுத்துவிட்டு மேல்குடலைக் கீழே இணைத்துவிடுவது என்பது திட்டம். முதல்நாள் சாயங்காலம் கன்சென்ட் வாங்க வந்த சர்ஜன் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போகவில்லை. "ரேடியேஷன் கொடுத்த இடம், ஒட்டிப்போயிருக்கும். ரத்தம் நிக்கலைன்னா அடைச்சு வச்சுட்டு வெளிய வந்துருவேன், ரெண்டு நாள் கழிச்சுத் திரும்ப உள்ள போவேன். அதுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கையெழுத்து" என்றார். நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷனுக்கு முன்னால் இப்படிப் பேசிய டாக்டர்களை என் சர்வீஸில் அதிகம் பார்த்ததில்லை.

மறுநாள் அதுதான் நடந்தது. முதுகெலும்பின் அடியில் இருக்கும் அகன்ற எலும்பின் முன்பக்கம் மெல்லிய சிரைகள் வலை மாதிரி ஓடும். மலக்குடலைப் பிரிக்கும்போது அதில் ஒன்று கிழிந்தால் அதன் முனை எலும்புத் துளைக்குள் சுருங்கிக்கொள்ளும். தையல் போட்டால் பிடிக்காது. காட்டரி (சுட்டு ரத்தத்தை நிறுத்தும் கருவி) வைத்தால் ஓட்டை பெரிதாகும். விரலால் அழுத்தினால் நிற்கும், எடுத்தால் குழி நிரம்பிவிடும். டைட்டானியம் முள் அடித்து நிறுத்துவதும் உண்டு, எல்லா இடத்திலும் அது பிடிக்காது.

சர்ஜன் தானே வெளியே வந்தார், ஜூனியரை அனுப்பவில்லை. "சிஸ்டர், கட்டி முழுசா வந்துருச்சு. எலும்புல இருந்து ரத்தம் நிக்கலை. அஞ்சு மாப் (ஆபரேஷனில் ரத்தம் உறிஞ்ச வைக்கும் துணி) வச்சு அடைச்சிருக்கேன். உடம்புச் சூடு 34.6 டிகிரி செல்சியஸுக்கு எறங்கிருச்சு, ரத்தம் உறையவும் மாட்டேங்குது. இனிமே இணைக்கிறேன்னு உக்காந்தா ஆளைத்தான் இழப்போம்."

தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வயித்தைத் தைக்காமலேயா மதினி கொண்டு வாராக?" என்று அழுதாள். "தைக்காம கொண்டு வாரதுனாலதான் அவன் நமக்குக் கிடைப்பான்" என்றேன். ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தை இல்லை அது.

ரத்தம் நிறையப் போனால் மூன்று விஷயம் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். உடம்பு குளிரும். குளிர்ந்தால் ரத்தத்தை உறைய வைக்கும் பொருட்கள் மந்தமாகும். திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாமல் ரத்தத்தில் அமிலம் ஏறும், அதுவும் உறைதலைக் கெடுக்கும். உறையாவிட்டால் இன்னும் ரத்தம் போகும், இன்னும் குளிரும். வயிறு திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் குடலை அழகாக இணைத்துத் தையல் போடுவதில் அர்த்தமே இல்லை. ரத்தத்தை அடைத்து, குடலின் முனையை ஸ்டேப்ளரால் மூடி, வயிற்றைத் தற்காலிகமாகப் போர்த்தி, ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோய்ச் சூடேற்றுவதுதான் வைத்தியம். ஆபரேஷனின் மீதியைத் தேறிய உடம்பில் செய்துகொள்ளலாம்.

இது புதிய வித்தை இல்லை. கல்லீரல் காயத்தில் துணி வைத்து அடைப்பதைப் பற்றி கிளாஸ்கோவில் பிரிங்கிள் 1908-லேயே எழுதியிருக்கிறார். 1983-ல் அட்லாண்டாவின் ஸ்டோன் குழு வெளியிட்ட கணக்கை எங்கள் தியேட்டரில் ஒரு பேராசிரியர் ஜூனியர்களுக்கு அடிக்கடி சொல்வார். ரத்தம் உறையாமல் போன நிலையிலும் விடாமல் ஆபரேஷனை முடித்த 14 பேரில் பிழைத்தவர் ஒருவர். பாதியில் நிறுத்தி, உறைதலைச் சரிசெய்து, திரும்பத் திறந்த 17 பேரில் 11 பேர் பிழைத்தார்கள். 1993-ல் பிலடெல்பியாவில் ரொட்டோண்டோவும் ஷ்வாபும் இதை முறையாக வகுத்து எழுதிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

ஆனால் இதெல்லாம் துப்பாக்கிச் சூடு, கத்திக்குத்து, விபத்து கேஸ்களில் வளர்ந்த முறை. விபத்தில் வந்தவரைப் பாதியில் மூடிக் கொண்டுவந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. நடந்து வந்து படுத்தவரை அப்படிக் கொண்டுவர சர்ஜனுக்கு மனசு வராது. சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள், மேனேஜ்மென்ட் என்ன சொல்லும், கூட இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தே இன்னும் ஒரு மணி நேரம், இன்னும் ஒரு மணி நேரம் என்று நிற்பவர்களுக்கு நான் கருவி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் இந்த டாக்டரின் முடிவை இவ்வளவு பெரிதாக எழுதுகிறேன். சரியான நேரத்தில் கையை எடுத்தார்.

ஐ.சி.யூ.வுக்குள் என்னை விட்டார்கள். உள்ளே போனதும் நான் தேடியது மாப் கணக்கு. வயிற்றில் துணி வைத்து அனுப்பும்போது ஷிப்ட் மாறி, டாக்டர் மாறி, கணக்கு தவறிவிடக் கூடாது. இங்கே கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் "உள்ளே 5 மாப்" என்று எழுதி இரண்டு நர்ஸ் கையெழுத்து. கட்டில் தலைமாட்டில் அதே வாசகத்துடன் ஒரு அட்டை. டியூட்டி மாறும்போது ஒரு பெண் அதை வாய்விட்டுப் படித்து அடுத்தவளிடம் ஒப்படைத்ததைக் காதால் கேட்டேன். எங்கோ நல்ல சிஸ்டர் ஒருத்தி பழக்கிவிட்டிருக்கிறாள்.

மேலே சூடான காற்று ஊதும் போர்வை, ரத்தத்தையும் சலைனையும் சூடாக்கும் மெஷின். சலைனை மட்டும் ஊற்றி நீர்த்துப்போக விடாமல் ரத்த அணுக்களோடு எஃப்.எஃப்.பி.யும் (உறைய வைக்கும் பொருட்கள் உள்ள, உறைநிலையில் வைத்த பிளாஸ்மா) பிளேட்லெட்டும் சேர்த்தே ஏற்றினார்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் பையில் சேர்த்திருக்கும் சிட்ரேட் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் நடுநடுவே கால்சியமும் போனது. யூரின் டியூப் வழியாக வயிற்றுக்குள் அழுத்தம் எவ்வளவு என்று முறை வைத்து அளந்தார்கள். அது 20 மி.மீ. மெர்குரிக்கு மேல் ஏறி நின்று கிட்னியோ மூச்சோ தடுமாறினால் ஆபத்து. தம்பிக்கு அந்த அளவைத் தொடவே இல்லை. வயிற்றின் மேல் பிளாஸ்டிக் தாள், ஸ்பாஞ்ச், உறிஞ்சும் மெஷின். நாங்கள் சர்வீஸில் இருந்தபோது ஸ்டெரைல் பிளாஸ்டிக் பையை வெட்டித் தோலோடு தைப்போம். கொலம்பியாவின் பொகோட்டாவில் போர்ராயிஸ் என்ற டாக்டர் 1984-ல் தொடங்கிய முறை அது. செலவே இல்லாமல் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. இங்குள்ள மெஷின் கசிவை அளந்து காட்டுகிறது, படுக்கை நனையவில்லை, நர்சுக்கு வேலை குறைவு. காசு அதிகம்தான், ஆனால் வீண் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் சூடு 36.8, உறைதல் பரிசோதனை சீராகிவிட்டது. திரும்பத் திறந்து, மாப்களை நனைத்து நனைத்து மெதுவாக எடுத்தார்களாம். ரத்தம் இல்லை. எண்ணிக்கை சரியாக இருந்தும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வயிற்றை மூடினார்கள். மாப்பில் எக்ஸ்ரேயில் தெரியும் நூல் ஓடும். குடலை அன்றும் இணைக்கவில்லை, மேல்முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து மலம் சேரப் பை வைத்துவிட்டார்கள். தம்பிக்கு அது பெரிய வருத்தம். என்னைக் கேட்டால் அந்த முடிவும் சரி. பயாப்சி ரிப்போர்ட்டில் வெட்டிய ஓரங்களில் புற்றுநோய் இல்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். வென்டிலேட்டரில் ஆள் படுத்திருக்கும்போது ராத்திரி பில்லிங்கிலிருந்து கூப்பிட்டு, "ரெண்டாவது ஆபரேஷன் பேக்கேஜ்ல வராது, அட்வான்ஸ் கட்டுங்க" என்றார்கள். இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பையனுக்கு இது ஒரே ஆபரேஷனின் இரண்டு கட்டம் என்பதே தெரியவில்லை. சர்ஜன் கைப்பட எழுதிக் கொடுத்த கடிதத்துக்குப் பிறகுதான் அப்ரூவல் வந்தது. நாங்கள் மூன்று பேர் இருந்தோம், ஓடினோம். ஒற்றை ஆளாக வந்த அம்மா என்ன செய்வாள்? இப்படி நிறுத்தும் தைரியம் உள்ள சர்ஜனை வைத்திருக்கும் நிர்வாகம், அதற்கான எஸ்டிமேட்டையும் முன்கூட்டியே போட்டுக் கொடுக்க வேண்டும். வெளியே காத்திருப்பவர்களுக்கும் சர்ஜன் வந்ததைத் தவிர வேறு தகவல் எதுவும் வரவில்லை.

பெரிய ஆபரேஷனுக்கு எந்த மருத்துவமனையில் நாள் குறித்தாலும், ராத்திரியிலும் எஃப்.எஃப்.பி., பிளேட்லெட் கொடுக்கும் ரத்த வங்கி கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறதா, வென்டிலேட்டரோடு ஐ.சி.யூ. படுக்கை ஒதுக்கியிருக்கிறார்களா, சர்ஜன் அடுத்த மூன்று நாள் ஊரில் இருப்பாரா என்று கேளுங்கள். தேவைப்பட்டால் பாதியில் நிறுத்துவீர்களா என்றும் நேராகவே கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிற இடம் வேண்டாம்.

தியேட்டருக்கும் ஐ.சி.யூ.வுக்கும் 5-க்கு 5. பில்லிங்குக்கு 2. பை மாற்றச் சொல்லிக் கொடுக்கும் ஸ்டோமா நர்ஸ் ரொம்பப் பொறுமைசாலி, ஆனால் எல்லா நாளும் வருவதில்லை. டிஸ்சார்ஜுக்கு முன்பே அவர் வரும் நாளைக் கேட்டு, வீட்டில் யார் பை மாற்றப்போகிறார்களோ அவரையே கூட்டிக்கொண்டு போங்கள்.