ஐந்து வருஷ உர டிரம்மும் கொசுறுக் கறிவேப்பிலையும்

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் வீட்டைச் சுற்றி ஒன்றரை சென்ட் மண்தான். அதில் 200 லிட்டர் நீல டிரம் ஒன்றைச் சுற்றிலும் துளைபோட்டுச் செங்கல்மேல் வைத்து ஐந்து வருஷமாகிறது.

முதல் ஆறு மாதம் நாற்றம் தாங்கவில்லை. காய்கறித் தோலை மட்டும் கொட்டினால் நீர்விட்டுக் குழம்பாகி, காற்றில்லாமல் அழுகத்தானே செய்யும்? பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏந்தம்பி, எலி கிலி செத்துக் கெடக்குதா?" என்று கேட்டுவிட்டார். அப்புறம்தான் ஒரு கை கழிவுக்கு இரண்டு கை சருகு, வாரம் ஒருமுறை புளித்த மோர் என்று பழகினேன். நாற்றம் போய்விட்டது. மாவிலை மட்டும் மக்க அடம்பிடிக்கும், நொறுக்கிப் போடவேண்டும். நிரம்பிய டிரம்மை மூன்று மாதம் சும்மா விடவேண்டியிருப்பதால், மறுபடி வாங்கினால் 100 லிட்டரில் இரண்டு வாங்குவேன்.

செய்த பெரிய தப்பு, தென்னைக்குப் பக்கத்தில் சாணியும் சருகும் போட்டு ஒரு குழி எடுத்தது. கிளறியபோது கட்டைவிரல் பருமனில், வளைந்து சுருண்ட வெள்ளைப் புழுக்கள். காண்டாமிருக வண்டு! அது முட்டையிடுவதே இப்படி மக்கும் குப்பையில்தான். வளர்ந்ததும் தென்னங்குருத்தைக் குடையும். எல்லாவற்றையும் வெளியே அள்ளிப் பரப்பினேன். பத்தே நிமிஷத்தில் தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்து, ஊரையே கூட்டுகிற சத்தத்தோடு பொறுக்கித் தின்றது. குழியை மூடிவிட்டேன். சருகை மட்டும் ஒரு மூலையில் குவித்து வைக்கிறேன், அந்தக் குருவிகளுக்காக.

செடிகளில் தேன்சிட்டுக்கு இட்லிப்பூவும் செம்பருத்தியும் போதும். எருக்கை வெட்டாமல் விட்டதில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி வந்தது. ஆனால் உரத்தை நன்றாகத் தின்று வளர்ந்தது கறிவேப்பிலைதான். அதன் இலைமேல் பறவை எச்சம்போலத் தெரிந்ததைத் துடைக்கப் போனால், அது நகர்ந்தது. அழகிப் பட்டாம்பூச்சியின் புழு. நாலைந்து நாளில் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கொம்பை நீட்டி நாறடிக்கும். மருந்தடிக்க மனசு வரவில்லை. கிளை மொட்டையாகிவிடுகிறது, மாதம் ஒருமுறை துளிர்க்கிறது, மறுபடி மொட்டை.

ரசத்துக்குக் கறிவேப்பிலை இப்போது காய்க்கடையில் கொசுறாகக் கேட்டு வாங்குகிறோம்.