தடையா, வயதுச் சான்றா, காட்சி வரிசையா?

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தபோது, நாடகத்தின் கோமாளியான பபூன், உடன் ஆடிய டான்ஸ்காரப் பெண்ணிடம் சொன்ன ஒரு வரிக்குப் பெரியவர்கள் ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று என் அக்காவின் ஒன்பது வயது மகள் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நள்ளிரவு கழிந்து நாரதரும் வள்ளியும் தர்க்கம் தொடங்கியபோது அவள் என் மடியில் தூங்கிவிட்டிருந்தாள். குழந்தை விழித்திருந்த நேரத்தில் இரட்டை அர்த்தமும், உறங்கிய நேரத்தில் நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் தமிழும் மேடையேறியது இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இதற்குத் தீர்வாக நாடகத்துக்கு அனுமதியே தரக்கூடாது என்பவர்கள் உண்டு. நாடகப் பிரதியை முன்கூட்டியே அதிகாரிகளிடம் காட்டச் சொன்ன 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்துவிட்டது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், பபூனின் பேச்சில் பெரும்பகுதி மேடையிலேயே பிறப்பது. எழுதாத பிரதியை யாரும் தணிக்கை செய்ய முடியாது. தடை வந்தால் முதலில் பிழைப்பை இழப்பவரும் ஏச்சு வாங்குபவரும் ஆடவந்த பெண்தான், கைதட்டி ரசித்த கூட்டமன்று. ஆகவே இந்த வழியை நான் ஏற்கவில்லை.

திரைப்படத்தைப் போல வயது வகுப்பது இதைவிட நியாயமானது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பெற்றோர் வழிகாட்டுதலோடு சிறுவர் பார்க்கலாம் என்னும் யு/ஏ சான்றிதழே 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிந்திருப்பதால், பெற்றோருக்குத் தெளிவு கிடைக்கிறது, படைப்பும் வெட்டுப்படாமல் தப்புகிறது. ஆனால் திரையரங்குக்குக் கதவும் டிக்கெட்டும் உண்டு. ஊர்ப் பொட்டலில் இரண்டும் இல்லை, ஊரே பாய் விரித்துப் படுத்திருக்கிறது.

எனவே திறந்த மேடைக்குப் பொருந்துவது காட்சி வரிசையை மாற்றுவதே என்று கருதுகிறேன். கூட்டம் சேர்ப்பதே பபூன்தான் என்று கலைஞர்கள் சொல்வது உண்மை; அவருடைய பாட்டும் நையாண்டியும் முதலிலேயே இருக்கட்டும், டான்ஸ்காரருடன் நடக்கும் இரட்டை அர்த்த உரையாடல் மட்டும் தர்க்கத்துக்குப் பின்னால் போகட்டும். ஒரு சொல்லும் வெட்டப்படவில்லை, யாருடைய சம்பளமும் குறையவில்லை. விழாக் கமிட்டியார் முன்பணம் கொடுத்து நாள் குறிக்கும்போதே இந்த வரிசையையும் பேசி முடித்துவிடலாம்.